விற்பவனுக்கு விதி போடு!

தோழரே, நம் மக்களின் கால்கள் வெட்டப்படுகின்றன.

முதலில் ஒரு விரல். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தமும். ஜார்ஜ்டவுன் பொது மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். இனிப்பு நீர் நோய் தின்ற கால்களைப் பாருங்கள். இனிப்பு நீர் அணைத்த கண்களைப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் கைகளைப் பாருங்கள். அவர்கள் யார்? நம் அக்காமார். நம் மாமன்மார். டத்தோ கிராமட்டில் நம்மோடு வளர்ந்தவர்கள். பிறையில் நம்மோடு ஷிப்ட் பார்த்தவர்கள்.

இன்னும் வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிறோமா?

கணக்கைக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு சொன்ன கணக்கு இது. பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் சீனரில் 15.1 விழுக்காடு. மலாய்க்காரரில் 22 விழுக்காடு. இந்தியரில் 31.4 விழுக்காடு. நம்மில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்! 2023இல் மறுபடி ஆய்வு செய்தார்கள். 18 முதல் 29 வயதுக்குள் இந்த நோய் இருந்த இளைஞர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அங்கே அனுப்புவது இந்த நீரிழிவுதான்.

இது ஒரு வீட்டின் துயரம் அன்று. இது ஒரு சமுதாயத்தின் மேல் விழுந்த அடி.

அடி விழுந்தவனிடம் என்ன சொல்கிறார்கள்? "உன் வாய், உன் பொறுப்பு" என்கிறார்கள். "யார் உன்னைக் குடிக்கச் சொன்னது?" என்கிறார்கள். "சாப்பாட்டில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்கிறார்கள்.

தோழரே, இந்தப் பேச்சை நம்பாதீர்கள். இந்தப் பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். இந்தப் பேச்சைக் கேட்டுத் தலைகுனியாதீர்கள்.

பொறுப்பு என்கிறார்களா? சரி, பொறுப்பையே பேசுவோம். காலையில் பசியாற ஒட்டுக்கடைக்குப் போகிறீர்கள். ஒரு தேத்தண்ணி கேட்கிறீர்கள். அதில் எத்தனை கரண்டி சீனி விழும் என்று முடிவு செய்வது யார்? நீங்களா? கெட்டிப்பால் டின்னில் ஏறத்தாழப் பாதி சீனி. அதை எவ்வளவு ஊற்றுவது என்று முடிவு செய்வது யார்? நீங்களா? சீனி வேண்டாதவன் வாயைத் திறந்து "கூராங் மானிஸ்" என்று கேட்க வேண்டும். கேட்காதவனுக்குச் சீனி தானாக விழும். இதுவா நம் சுதந்திரம்?

சீனியைத் தனியாக வை. வேண்டியவன் போட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பெயர் சுதந்திரம். அதைத்தான் நாம் கேட்கிறோம். நம் தட்டுக்குள் போலீஸ்காரன் கை விட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அப்பாயியின் கேசரிக்கு அபராதம் போடச் சொல்லவில்லை. விற்பவனுக்கு விதி போடு என்கிறோம். விளம்பரம் செய்பவனுக்கு விதி போடு என்கிறோம். நம் பிள்ளையின் நாக்கைப் பழக்கிக் காசாக்குகிறவனுக்கு விதி போடு என்கிறோம்.

நம் இனத்தின் உடல்வாகு இந்த நோய்க்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் நமக்குக் காவல் கூடுதலாக வேண்டும். மூன்றில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது அதை மூன்றில் ஒருவரின் பலவீனம் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது!

வரலாற்றை நினையுங்கள், தோழரே. சீனிக்கும் நமக்கும் உள்ள கணக்கு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல.

செபராங் பிறைக்கு அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. பத்து காவானில் கரும்பு. கலிடோனியாவில் கரும்பு. அந்தக் கரும்பை வெட்டக் கப்பலேற்றி வந்தது யாரை? ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை. அவர்கள் முதுகில் விளைந்தது வெள்ளைக்காரனின் சீனி. 1910இல் அந்த ஒப்பந்தமுறை ஒழிந்தது. கரும்பும் போய் ரப்பர் வந்தது. சீனி மட்டும் நம்மை விடவில்லை. அன்று நம் உழைப்பைத் தின்றது. இன்று நம் உடலைத் தின்கிறது.

கள்ளை நினையுங்கள். ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. உரிமம் அரசாங்கத்தினுடையது. சம்பள நாளன்று கூலி எந்தப் பக்கம் போகும் என்று தோட்டத் துரைக்குத் தெரியும். அன்றும் சொன்னது இதே பேச்சுதான்: யாரும் அவனை வற்புறுத்திக் குடிக்க வைக்கவில்லையே!

நம் முன்னோர் என்ன செய்தார்கள்? தலைகுனிந்தார்களா?

1941இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தை நினையுங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்புக் கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டார்கள். துரையின் முன்னால் சைக்கிளில் போகும் உரிமை கேட்டார்கள். அதே பட்டியலில் இன்னொன்றும் கேட்டார்கள்: கள்ளுக்கடையை மூடு! பிரிட்டிஷ் அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள்.

அடங்கினார்களா? 1947இல் பக்கத்துக் கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ.எம். சாமியின் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது. போலீஸ் பாய்ந்தது. நம் ஆட்கள் அசையவில்லை.

அவர்கள் பொறுப்பில்லாதவர்களா, தோழரே? கடையை மூடு என்று கேட்டவன்தான் இந்த நாட்டிலேயே பொறுப்பான மனிதன். தன் பெண்டு பிள்ளைகளுக்காகக் கேட்டான். பக்கத்து வரிசை வீட்டுக்காரனுக்காகக் கேட்டான். நான் குடிக்க மாட்டேன் என்று ஒருவன் தனியாகச் சபதம் செய்வது நல்லது. இந்தக் கடையே இங்கே வேண்டாம் என்று ஊர் கூடிச் சொல்வது அதைவிட நல்லது. அதுதான் பொறுப்பு. அந்தப் பொறுப்புதான் இன்று நம்மிடம் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

இந்தப் பினாங்கு மண்ணையும் நினையுங்கள். இது பயனீட்டாளர் போராட்டத்தின் மண்.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி எழுந்து பேசினார். அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு, பாலும் கொலையும். சீனி கலந்த டின் பாலைக் குழந்தை உணவு என்று சொல்லித் தாய்மாரிடம் விற்ற கம்பெனிகளை அவர் முகத்துக்கு நேராகக் கொலைக்குற்றம் சாட்டினார். அன்றும் என்ன சொல்லியிருப்பார்கள்? வாங்குவது தாயின் விருப்பம் என்றுதானே!

நாற்பது ஆண்டு கழித்து, 1979இல், குழந்தை உணவுக் கம்பெனிகளை எதிர்க்கும் அனைத்துலக வலையம் ஒன்று பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பினாங்கிலிருந்து இயங்கிய அன்வார் ஃபாசல். 1981இல் உலகச் சுகாதாரப் பேரவை பால்பவுடர் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே ஒன்று. தாய்மாருக்கு யாரும் தடை போடவில்லை. விற்றவனுக்குத்தான் கடிவாளம் போட்டார்கள். இந்தச் சிறு தீவில் இருந்தவர்களுக்கு அதில் பங்கு இருந்தது. நம்மால் முடியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்!

எஸ்.எம். முகமட் இட்ரிசை நினையுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அரை நூற்றாண்டு காலம் தோளில் சுமந்தவர். 2019 மே மாதம் மறையும் வரை சீனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அவர் நிறுத்தவில்லை.

2024 ஆகஸ்டில் அதே சங்கம் மறுபடி குரல் கொடுத்தது. 24 மணி நேர உணவகங்களுக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்துங்கள் என்றார் அதன் தலைவர் மொகிடின் அப்துல் காதர். நள்ளிரவில் வயிறு முட்டத் தின்னும் பழக்கம் உடல்பருமனை வளர்க்கிறது என்றார். சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அகமட் அதைத் தீவிரமாகப் பார்ப்போம் என்றார். உடனே எதிர்ப்பு எழுந்தது. உண்பவரின் விருப்பம் என்றார்கள். இரவு வேலைக்காரன் எங்கே சாப்பிடுவான் என்றார்கள். பேச்சு அடங்கியது. கடை திறந்தே இருக்கிறது.

அந்த நேரத்தில் நாம் எங்கே இருந்தோம், தோழரே? சங்கம் தனியாகப் பேசியது. நாம் அதே கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

இரவு வேலைக்காரனைப் பற்றி நாமே பேசுவோம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்ப்பது நம் தங்கைமார், நம் தம்பிமார். அவர்களுக்குச் சூடான நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டியது யார்? அவர்கள் உழைப்பில் லாபம் பார்க்கும் தொழிற்சாலை! அதன் சிற்றுண்டிச்சாலையில் இரவிலும் நல்ல உணவு இருக்கட்டும். அதைக் கேளுங்கள். விடியவிடிய ரொட்டி சானாய் தட்டும் கையையும் நினையுங்கள். அவனும் ராமநாதபுரத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்த நம்மவன். அவனுக்கும் தூக்கம் வேண்டும். அவனும் நம் தோழன். கடைக்காரரும் நமக்கு எதிரி அல்லர். அவர் வீட்டிலும் இன்சுலின் ஊசி இருக்கிறது. எல்லாக் கடைக்கும் ஒரே விதி வந்தால் எந்தக் கடைக்காரரும் தனியாக நட்டப்பட மாட்டார். அவரையும் அழையுங்கள்.

சட்டம் வந்தால் ஊர் கவிழ்ந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். பயப்படாதீர்கள். 2019 ஜனவரி 1ஆம் தேதி உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. எங்கள் உரிமை என்று சிலர் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஒட்டுக்கடைகள் கவிழ்ந்தனவா? இல்லை. நாசி கண்டார் வரிசை குறைந்ததா? இல்லை. இன்று மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு புகையில்லாமல் சாப்பிடுகிறோம். இது ஒரு விதி செய்த வேலை.

சீனி பானத்துக்கும் வரி வந்தது. 2019 ஜூலை 1ஆம் தேதி, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென். 2024இல் 50 சென். 2025 ஜனவரியில் 90 சென். வரி ஏழையைத்தான் அடிக்கும் என்பார்கள். தோழரே, ஏழையை அடிப்பது நோய்! ஒரு கால் போன லாரி ஓட்டுநரின் வீட்டில் போய்ச் சொல்லுங்கள், வரிதான் உங்களை அழித்தது என்று. மெக்சிகோ 2014இல் வரி போட்டது, சீனி பானம் வாங்குவது குறைந்தது. பிரிட்டன் 2018இல் வரி போட்டது, கம்பெனிகளே ஓடிப்போய்ச் சீனியைக் குறைத்தன. சிலி 2016இல் சீனி மிகுந்த பொட்டலங்களின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தியது. அங்கே நடந்தது இங்கே நடக்காதா?

ஆனால் ஏமாறாதீர்கள். இங்கே ஒரு கை வரி வாங்குகிறது. மறுகை என்ன செய்தது? 2023இல் நம் கடையில் கட்டுப்பாட்டுச் சீனி கிலோ 2 வெள்ளி 85 சென். அந்த விலையில் விற்க அவ்வாண்டு நவம்பர் முதல் சீனி ஆலைகளுக்குக் கிலோவுக்கு 1 வெள்ளி ஊக்கத்தொகை என்று முடிவானது. 2013 அக்டோபரில் சீனிக்கான 34 சென் உதவித்தொகையை நிறுத்தினார்கள். பத்தே ஆண்டில் வேறு வாசல் வழியே சீனிக்குக் காசு வந்துவிட்டது! வரிப்பணம் நீரிழிவு மருத்துவத்துக்கே போகும் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். எவ்வளவு வந்தது? எவ்வளவு போனது? எந்த மருத்துவமனைக்குப் போனது? கேளுங்கள். கணக்குக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

இனி நம் கோரிக்கையைச் சொல்வோம். உரக்கச் சொல்வோம்.

எல்லாக் கடையிலும் சீனியைத் தனியாக வை!

எல்லா மேசையிலும் வெறும் தண்ணீரை இலவசமாக வை!

பள்ளி வாசலில் சீனித் தண்ணீர் விற்காதே!

பிள்ளைகளைக் குறிவைத்துச் சீனிக்கு விளம்பரம் செய்யாதே!

சீனி ஆலைக்குக் கொடுத்ததுபோல் காய்கறிக்கும் மீனுக்கும் காசு கொடு!

சீனி வரியின் கணக்கை வெளியே வை!

இதில் எது நடக்காத காரியம்? எது நியாயமற்ற கோரிக்கை? ஒன்றும் இல்லை. கேட்க ஆள் இல்லை. அதுதான் குறை.

நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நீங்கள் தாயா? தந்தையா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். பின்வரிசையில் உட்காராதீர்கள். எழுந்து நில்லுங்கள். சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கிறது என்று கேளுங்கள். விற்கக்கூடாதவற்றின் பட்டியல் அமைச்சிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். 28 பள்ளியிலும் ஒரே குரல் எழுந்தால் யாரால் அதை ஒதுக்க முடியும்?

உணவக உரிமம் கொடுப்பது யார்? தீவில் பினாங்கு தீவு மாநகர் மன்றம். அக்கரையில் செபராங் பிறை மாநகர் மன்றம். உரிமத்தின் நிபந்தனையிலேயே தண்ணீரையும் தனிச்சீனியையும் சேர்க்கச் சொல்லுங்கள். கடிதம் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். பதில் வரவில்லையா? மறுபடி எழுதுங்கள். கொம்தாருக்குப் போங்கள். நம் சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வந்தாரே, இப்போது நாம் அவர் வாசலுக்குப் போவோம்.

தொழிற்சங்கத் தோழரே, அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் இரவு ஷிப்ட் சாப்பாட்டைச் சேருங்கள். 1941இல் நாதனின் தோழர்கள் கள்ளுக்கடையைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்தார்கள். அவர்களுக்கு இருந்த துணிச்சல் நமக்கு இல்லையா?

கோயில் நிர்வாகத் தோழரே, உங்களிடமும் உரிமையோடு கேட்கிறேன். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு நடந்து வரும் லட்சக்கணக்கான மக்களுக்குப் பந்தல் போடுகிறோம். அதன் பெயரே தண்ணீர்ப் பந்தல். அங்கே தண்ணீர் கொடுங்கள். நீர்மோர் கொடுங்கள். சிவப்புச் சிரப்பை நிறுத்துங்கள். அன்னதானத்தில் காய்கறியைக் கூட்டுங்கள். முருகனின் பெயரால் நம் மக்களுக்கு நோய் கொடுக்கலாகாது. அரசாங்கத்திடம் நாம் விதி கேட்கும் நாளில், நம் கையில் இருக்கும் பந்தலில் அந்த விதி முதலில் நடக்கட்டும்.

இளந்தோழரே, 84 விழுக்காடு என்ற கணக்கு உங்களைப் பற்றியது. போய் இரத்தம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். பந்துக் குழுவைக் கூட்டிக்கொண்டு போங்கள். தெரிந்துகொண்டவன் பயப்பட மாட்டான். தெரிந்துகொண்டவன் பேசுவான்.

நாம் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எதுவும் நிற்காது. நாம் பேசாத ஒவ்வொரு நாளும் விளம்பரம் பேசுகிறது. நாம் பேசாத ஒவ்வொரு கூட்டத்திலும் கம்பெனி பேசுகிறது. நம் பிள்ளையின் காதில் முதலில் விழுவது அவர்கள் குரல். நாம் மௌனமாக இருந்தால் டயாலிசிஸ் நாற்காலிகள் கூடும். மௌனமாக இருந்தால் வெட்டப்படும் கால்கள் கூடும். நம் மௌனத்துக்கு விலை உண்டு. அந்த விலையை நம் தாய் கொடுக்கிறாள். நம் மகன் கொடுக்கப் போகிறான்.

வெட்கத்தை விடுங்கள். நோய் வந்தவர்களே, முன்வரிசைக்கு வாருங்கள். நீங்கள் குற்றவாளிகள் அல்லர். நீங்கள்தான் சாட்சிகள். உங்கள் ஊசியோடு வாருங்கள். உங்கள் தடியோடு வாருங்கள். மாநகர் மன்றக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று பேசினால், "உன் வாய், உன் பொறுப்பு" என்று உங்கள் முகத்தைப் பார்த்து எவன் சொல்வான்?

எங்கள் பொறுப்பை நாங்கள் செய்கிறோம். உங்கள் பொறுப்பை நீங்கள் செய்யுங்கள் என்று அரசாங்கத்திடம் சொல்வோம். கம்பெனியிடம் சொல்வோம். ஒரு முறை சொல்லி ஓய மாட்டோம். செய்யும்வரை சொல்வோம்.

தோழரே, நம் முன்னோர் துப்பாக்கிக்கு முன்னால் நின்று கள்ளுக்கடையை மூடு என்றார்கள். நம் முன்னால் துப்பாக்கி இல்லை. ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு கடிதம் இருக்கிறது. ஒரு கையெழுத்து இருக்கிறது. இதற்குமா பயம்?

எழுந்து வாருங்கள்! பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவரையும் அழைத்து வாருங்கள்! விற்பவனுக்கு விதி போடு என்று இந்தத் தீவும் அக்கரையும் ஒன்றாகக் கேட்கட்டும்!